எட்டாவது பெட்டி

மீன் வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்குப் படகில் ஏறினால் வாந்தி வருமென்றால் ஊர் சும்மா விடுமா? விடவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு முதல்முறை கடலுக்குப் போனவர், கரை கண்ணைவிட்டு மறைவதற்குள் குடலே வெளியில் வந்துவிடும் போலக் கக்கிவிட்டு, வலைக் குவியலின் மேல் சுருண்டு படுத்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் குமட்டல் நிற்கும் என்று மறுநாள் யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைக்க, அன்றைக்குச் சட்டைப்பையில் போட்டதுதான். பழம் மாறிக்கொண்டே இருந்தது. பை மட்டும் காலியாக இருந்ததே இல்லை. குமட்டல் நின்றதா என்றால் அதுவும் இல்லை. போனது அவருடைய சொந்தப் பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் படுத்துத் தூங்க, ஊருக்கு அவர் எலுமிச்சை ஆனார். கல்யாணமாகி வந்த பெண்ணும் ஒரே வாரத்தில் எலுமிச்சை வீட்டம்மா ஆகிப்போனாள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீருக்கு மேலே ஆடினால்தான் அவர் வயிறு சண்டைக்கு வரும். தண்ணீருக்குள்ளே முங்கிவிட்டால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அதனால் முங்குகிற வேலைக்கே போனார். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்ட படகுக்குக் கீழே கத்தியோடு இறங்கி, மூச்சுப் பிடித்து அறுத்துவிட்டு வருவார். நேற்றுவரை கிண்டலடித்தவனே இன்றைக்கு, "எலுமிச்சை அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே" என்று வாசலில் நிற்பான். அவரும் போவார். கோபப்படத் தெரியாத மனிதர் என்றில்லை, கோபப்பட்டுக் கட்டுப்படியாகாது என்று தெரிந்தவர். இப்படியே இருபது வருடம் ஓடியது.

அந்த ஊர்த் துறைமுகத்துக்கு ஒரு பக்கம் திறந்த வாய். காற்று திரும்பினால் போதும், அலை நேராக உள்ளே வந்து படகையும் படகையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும். கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிப் பார்த்தார்கள். அடியில் இடுப்பளவு சேறு இல்லை, பனையளவு சேறு. லாரி லாரியாகக் கொட்டிய கல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; இங்கே அடித்தது அலை, நகர்ந்தது படகுகளின் விலா எலும்பு. வருடத்துக்கு நாலைந்து படகாவது கரையில் கட்டியிருந்தபடியே உடைந்தது.

அப்புறம்தான் ஒரு பெண் பொறியாளர் வந்தார். கல் முழுகினால் முழுகட்டும், மிதக்கிறதைப் போடலாம் என்றார். உள்ளே நுரைப்பொருள் அடைத்த காங்கிரீட் பெட்டிகள் எட்டு. ஒவ்வொன்றும் இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். எட்டையும் ரப்பர் வைத்துப் பிணைத்துத் துறைமுக வாய்க்குக் குறுக்கே வரிசையாக மிதக்கவிட்டு, பெட்டிக்கு நாலு சங்கிலியாக அடியில் கிடக்கும் பாரக்கட்டைகளில் மாட்டினார்கள். இழுத்துக் கட்டவில்லை. சங்கிலி தொய்ந்து, பாதி சேற்றில் படுத்துக் கிடக்கும். அலை வந்து பெட்டியைத் தூக்கினால் படுத்துக் கிடந்த சங்கிலி கொஞ்சம் எழுந்து கொடுக்கும். அலை போனதும் மறுபடி படுத்துக்கொள்ளும்.

"இது சுவர் இல்லைங்க" என்று படகுக்காரர்கள் கூட்டத்தில் பொறியாளர் சொன்னார். "வாசல்ல போடுற கால்மிதி மாதிரி. அலை வரும், ஆனா காலைத் துடைச்சுட்டு உள்ள வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அலை காலைத் துடைத்துக்கொண்டுதான் வந்தது. ஆறு வருடத்தில் கட்டியிருந்த படகு ஒன்றுகூட உடையவில்லை.

அந்தப் பெட்டி வரிசைக்குக் காவல் எலுமிச்சை. முங்கத் தெரிந்த ஆள், குடிக்காத ஆள், பக்கத்திலேயே வீடு. நியமனக் கடிதத்தில் பராமரிப்பாளர் என்று இருந்தது. ஊர் சங்கிலிக்காரர் என்று சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய் எலுமிச்சைக்கே திரும்பிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியில் முங்கி, சங்கிலி சேற்றில் உரசுகிற இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகள் கரைந்திருந்தால் மாற்றுவார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் இரும்பு மூடிகள் உண்டு. மூடியைத் திறந்தால் சங்கிலி ஒரு கவ்வியில் உட்கார்ந்திருக்கும். கவ்விக்கு மேலே நாலு வளையம் மிச்சமிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போடுவார். பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. மழை என்றால் மழை விடும்வரை பதிவேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

வயிறு மட்டும் திருந்தவில்லை. பெட்டி வரிசை ஆடிக்கொண்டேதானே இருக்கும்! விடிந்தும் விடியாமலும் முதல் பெட்டியில் ஏறி நடக்க ஆரம்பித்தால், மூன்றாவதைத் தாண்டி நாலாவதில் கால் வைக்கும்போது கடல் பக்கமாகக் குனிந்து கக்கிவிடுவார். பிறகு வாயைக் கொப்புளித்துவிட்டு எட்டாவது வரை நடப்பார். ஆறு வருடமும் அப்படித்தான். படகுகளில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எலுமிச்சை கக்கியாச்சு, மணி ஆறாச்சு, டீ வாங்கிட்டு வாங்கப்பா" என்பார்கள்.

இந்தக் கிண்டலுக்கெல்லாம் தலைமைப் பீடம் அவருடைய மச்சான்தான், அக்கா வீட்டுக்காரர். படகுக்காரர் சங்கத் தலைவர். குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். மனசும் அந்த அளவுக்குப் பெரியதுதான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாமனார் போன பிறகு எலுமிச்சையைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும், கல்யாணம் பண்ணிவைத்ததும் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு குணம். கொஞ்சம் லொடலொட என்று ஆடுகிற எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. வீட்டில் நாற்காலி ஆடினால் ஆணியடிப்பார். படகில் திருகாணி தளர்ந்தால் முறுக்குவார். அவர் முறுக்கியதை வேறொருவர் கழற்ற முடியாது. அப்பேர்ப்பட்டவர் கண் முன்னால் எட்டுப் பெட்டியும் ஆறு வருடமாக ஆடிக்கொண்டிருந்தன. போதாததற்கு, பிணைத்த ரப்பர் நாள் முழுக்கக் கீச்கீச்சென்று கத்தியது.

"மாப்ளே, ஆடுற சாமான் எப்படிடா அலையை நிறுத்தும்?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்.

"ஆடுறதாலதான் மச்சான் நிக்குது. ஆடலைன்னா அறுந்துடும்."

"நல்லா இருக்குடா உன் ஞாயம்" என்பார் மச்சான். பெட்டி வரிசையைப் பார்ப்பார். கை ஊறும்.

அந்த நேரம் பார்த்து எலுமிச்சையின் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பெரிய மருத்துவமனை. ஒரு வாரம் என்று போனது, அறுவைச் சிகிச்சைப் புண்ணில் சீழ் வைத்து மூன்று வாரம் ஆனது. கிளம்புகிற அன்று மூடிகளைத் திறக்கும் பெரிய ஸ்பானரை மச்சானிடம் கொடுத்து, "ஆபத்துக்கு மட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நம்பிக் கொடுக்க அவரை விட்டால் வேறு யார்? இரண்டாவது வாரம் துறைமுக அலுவலகத்திலிருந்து கடைநிலை ஊழியர் ஒருவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். மேலே அனுப்பக் கெடு முடிகிறதாம். மனைவிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. எலுமிச்சை வராந்தாவில் நின்றபடி மச்சானுக்குப் போன் போட்டார்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"தங்கமாட்டம் இருக்கு. நீ என் தங்கச்சியைப் பாரு, இங்க நான் இருக்கேன்."

எலுமிச்சை பதிவேட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, எட்டுப் பெட்டிக்கும் நாலு நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவியை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்த மறுநாள் காலை வேலைக்குப் போனார். முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் வழக்கம்போல் கடல் பக்கம் குனிந்தார். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்தார், வயிறு கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தது. ஐந்தாவது பெட்டிக்குப் போனார். அங்கேயும் இல்லை. படகுகளிலிருந்து ஒரே கைதட்டல். "எலுமிச்சைக்குக் குணமாயிடுச்சு! பொண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணாங்களா, புருஷனுக்குப் பண்ணாங்களா?" என்று ஒருவர் கத்தினார். எலுமிச்சைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பது வருடத் தொல்லை போயிற்று, வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆறாவது பெட்டிக்குக் காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. ரப்பர் கத்தவில்லை. பெட்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. கடலில் சின்ன அலை இருந்தது; அது பெட்டியில் பட்டுத் தெறித்ததே தவிர, பெட்டி அசையவில்லை. வயிறு திருந்தவில்லை, காலுக்குக் கீழே இருப்பதுதான் மாறிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய் மச்சான் படகிலிருந்து ஸ்பானரை வாங்கி வந்து மூடியைத் திறந்தார். நாலு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருந்தது. அடுத்த மூடி, பதினாறு. எட்டாவது பெட்டியில் பத்தொன்பது. சங்கிலி தொய்வே இல்லாமல் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

அன்று காலை வானிலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள், இன்னும் மூன்று நாளில் புயல் கரைக்குப் பக்கத்தில் வரும் என்று.

பொறியாளருக்குப் போன் போட்டார். அவர் வேறொரு துறைமுகத்தில் இருந்தார். "இறுகியிருக்கா? உடனே தளர்த்தணும்! என் ஆளுங்க வர அஞ்சு நாளாகும். உள்ளூர்ல சங்கிலியைச் சுத்தி இழுக்க வின்ச் இருக்கிற படகு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "போன வாரம் நாலு வளையம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றார்.

"நேர்ல சொல்றேன் மேடம்."

வின்ச் இருக்கிற ஒரே படகு மச்சானுடையது. சங்கிலிகளை இழுத்ததும் அதே வின்ச்தான்.

மீன் ஏலக் கூடத்தில் இருபது பேருக்கு நடுவில் மச்சானைப் பிடித்தார். பதமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் மச்சானிடம் பதமாகப் பேசினாலும் பதில் ஊருக்கே கேட்கும்.

"ஆமா, நாங்கதான் இழுத்தோம். ஏன், கெட்டா போச்சு? மூணு வாரமா உள்ள தண்ணி தட்டுல ஊத்தி வெச்ச மாதிரி நிக்குது. கேட்டுப் பாரு."

கேட்காமலேயே எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பொய்யும் இல்லை. சின்ன அலைக்கு இறுகிய பெட்டி நன்றாகத்தான் தடுத்தது.

"புயல்ல தண்ணி ஏறும் மச்சான். பெட்டி மேல எழும்பச் சங்கிலியில இடமில்லை. வெட்டி வெட்டி இழுத்து, அறுத்துக்கிட்டு உள்ள வந்துடும்."

"தண்ணி முழுசா ஏறி நிக்கிற நிறைநீர் நேரம் பார்த்துத்தாண்டா இழுத்தோம். தண்ணி ஏறும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க என்ன நேத்துப் பொறந்தவங்களா? படகுல கால் வெச்சாக் கக்குறவன் எங்களுக்குக் கயிறு கட்டச் சொல்லித் தர வந்துட்டான்!"

கூடமே சிரித்தது. எலுமிச்சைக்கு முகம் சுருங்கிப்போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அன்றைக்கு வலித்தது. முப்பத்தெட்டுப் படகு உள்ளே நிற்கிறது, இவர்கள் சிரிக்கிறார்களே என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் உள்ளறையில் இருப்பது செருப்பைப் பார்த்ததும் தெரிந்தது. எலுமிச்சை கதவருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ஒரு பொய் எழுதிட்டேன்."

"என்னடா சொல்றே?"

"ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே, பார்க்காம நாலு நாலுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். மச்சான் தங்கமாட்டம் இருக்குன்னாரு, நம்பிட்டேன். இப்ப ஒரு படகு உடைஞ்சாலும் அந்தப் பாவத்துல எனக்குப் பாதி இருக்கு."

அக்கா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டே உள்ளறைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏங்க, புயல் வருதுன்னா நம்ம படகுக் கயிறை இறுக்குவீங்களா, தளர்த்துவீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அக்காவே தொடர்ந்தாள்.

"தளர்த்துடா தளர்த்துடான்னு எங்கப்பா கரையில நின்னு தொண்டை கிழியக் கத்துவாரு. நீங்களும் கத்துவீங்க, நான் கேட்டிருக்கேன். படகுக்கு ஒரு ஞாயம், அந்தப் பெட்டிக்கு ஒரு ஞாயமா?"

எலுமிச்சை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது பெட்டி வரிசையை ஒட்டி மச்சான் படகு வந்து நின்றது. மச்சானும் அவருடைய மூன்று ஆட்களும் இருந்தார்கள். மன்னிப்பு, சமாதானம், ஒன்றும் கிடையாது. "எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். எலுமிச்சை முதல் பெட்டியைக் காட்டினார்.

இறுக்குவது சுலபம், தளர்த்துவதுதான் பாடு. ஒவ்வொரு சங்கிலியையும் வின்சால் அரை வளையம் மேலே இழுத்தால்தான் கவ்வி விடும். கவ்வி விட்டதும் வளையம் வளையமாக எண்ணி இறக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு நாலு சங்கிலி, ஒரு சங்கிலிக்கு முக்கால் மணி நேரம். முதல் நாள் இருட்டுவதற்குள் நாலு பெட்டி முடிந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் ஏழாவதையும் முடித்தார்கள். தளர்ந்த பெட்டிகள் மறுபடி ஆட ஆரம்பிக்க, எலுமிச்சை இடையிடையே கக்கிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை, காற்று வந்துவிட்டது.

எட்டாவது பெட்டிதான் மக்கர் செய்தது. வரிசையின் கடைசி என்பதால் அதுதான் அதிகமாக ஆடும். அதனாலேயே மச்சான் அதை மற்றவற்றைவிட ஒரு பிடி அதிகமாக இழுத்திருந்தார். மூன்று சங்கிலி எப்படியோ விட்டது. கடல் பக்கத்துச் சங்கிலியின் வளையம் கவ்விக்குள் குறுக்காகச் சிக்கி, வின்ச் எவ்வளவு முக்கினாலும் அசையவில்லை. அலை பெட்டிக்கு மேலே ஏற ஆரம்பித்தது. அந்த ஒரு சங்கிலியை அப்படியே விட்டால் புயல் முழுக்க அதன் தலையில்தான்.

"காஸ் வெச்சு வளையத்தை அறுத்துடலாம்" என்றார் எலுமிச்சை. "ஆனா அறுத்தா, கடல் பக்கம் பிடிச்சிருக்கிறது ஒத்தைச் சங்கிலிதான். பெட்டி நிக்காது. கழட்டி உள்ள இழுத்துக் கட்டிடணும்."

"கழட்டாம இப்படியே விட்டா?"

"அறுத்துக்கிட்டு உள்ள வரும் மச்சான். எந்தப் படகு மேல ஏறும்னு சொல்ல முடியாது."

மச்சான் துறைமுகத்தைத் திரும்பிப் பார்த்தார். புயலுக்குப் பயந்து அக்கம்பக்கத்துப் படகுகளும் வந்து ஒண்டியிருந்தன. தண்ணீரே தெரியாத அளவுக்கு நெருக்கம். எட்டாவது பெட்டிக்கு நேர் உள்ளே இருந்த இடம் மட்டும் காலி. அது மச்சான் படகு கட்டும் இடம். தலைவர் என்பதால் சட்டென்று வெளியே போக வசதியான அந்த மூலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பெட்டியைக் கழற்றிவிட்டால், அந்த மூலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

"உள்பக்கம் வேற எடம் இருக்கா?"

"ஐஸ் ஆலை ஓரம் ஒண்ணு இருக்கு."

"பெட்டிக்கா, படகுக்கா?"

"ஒண்ணுக்குத்தான் மச்சான்."

வேறு துறைமுகத்துக்கு ஓடவும் நேரம் கடந்துவிட்டது. மச்சானின் ஆட்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகு அவர் இருபத்தைந்து வருட உழைப்பு. அதைத் தவிர அவருக்கென்று மிதக்கிற பலகை ஒன்று கிடையாது. மச்சான் வின்சை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டு" என்றார் மச்சான். "என் படகு என் எடத்துலயே நிக்கட்டும்."

அறுத்தார்கள், கழற்றினார்கள், அந்தப் படகைக் கொண்டே பெட்டியை இழுத்து ஐஸ் ஆலை ஓரம் கட்டினார்கள். பிறகு படகைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்தி, இருக்கிற பழைய டயரையெல்லாம் கரைக்கும் படகுக்கும் நடுவில் தொங்கவிட்டார்கள். கயிற்றை மச்சானே கட்டினார், தேவையான தொய்வு விட்டு.

மறுநாள் பத்து மணிக்குப் புயல் முழு வேகத்தில் வந்தது. நண்பகலில் நிறைநீர். வழக்கமான நிறைநீரைவிட ஆளுயரம் தண்ணீர் ஏறியது. ஏழு பெட்டியும் ஏறின, இறங்கின, சாய்ந்தன, நிமிர்ந்தன. ரப்பர் கத்திய கத்தல் காற்றையும் மீறிக் கேட்டது. ஒரு சங்கிலிகூட அறுபடவில்லை. உள்ளே நின்ற படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சாயம் உரிந்ததோடு தப்பித்தன.

மூலையில் மட்டும் அலை நேராக வந்தது. டயர்கள் முதல் மணி நேரத்திலேயே பிய்ந்து போயின. படகு கரைச்சுவரில் மோத ஆரம்பித்தது. எலுமிச்சையும் மச்சானும் ஏலக் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். போய்த் தடுக்கிற நிலைமையில் யாரும் இல்லை. இரண்டு மணிக்கு விலாப்பக்கம் உடைந்தது. நாலு மணிக்குக் கட்டிய கயிற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேலே வின்சின் தலை மட்டும் தெரிந்தது. எலுமிச்சைக்கு மச்சானைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதற்குத் தைரியம் வரவில்லை.

புயல் போன மறுநாளே ஊர் மச்சானைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. தன் படகைக் கொடுத்து ஊர்ப் படகு முப்பத்தேழையும் காப்பாற்றிய மனிதர்! போகிற இடமெல்லாம் அதே பேச்சு. மச்சான் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பொறியாளர் வந்தார். துறைமுக அலுவலகத்தில், மழைநீர் ஒழுகிய சுவருக்குப் பக்கத்து மேசையில் பதிவேட்டை விரித்துவைத்து எலுமிச்சையைக் கூப்பிட்டார். உடைந்த படகுக்கு மனு எழுதிக் கொடுக்க மச்சானும் அக்காவும் வெளி பெஞ்சில் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"பார்த்துட்டா போட்டீங்க?"

"இல்லை மேடம். பார்க்காம போட்டேன்."

"யார் இறுக்கினது?"

எலுமிச்சை கீழே பார்த்தார். "ஸ்பானர் என் பொறுப்பு மேடம். கேக்கிற கேள்வியை என்னையே கேளுங்க."

"இதுக்கு உங்களை வேலையை விட்டு எடுக்கலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

வெளியே பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. மச்சான் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க இறுக்கினேன். முப்பத்திரண்டு சங்கிலியும். தொடாதேன்னு அவன் ஆறு வருஷமா சொல்லிட்டிருந்தான். ஆபத்துக்குன்னு குடுத்த ஸ்பானரை வாங்கி வெச்சுக்கிட்டு, அவன் இல்லாத நேரம் பார்த்து இறுக்கினேன். போன்ல கேட்டான், தங்கமாட்டம் இருக்குன்னு சொன்னேன். எழுதிக்குங்க."

பொறியாளர் பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். "எழுதினா என்ன ஆகும்னு தெரியுமாங்க? தடுப்புல கை வெச்சவங்க படகுக்கு எந்த உதவியும் கிடையாதுன்னு விதி இருக்கு. உங்க மனுவை நான் வாங்கவே முடியாது."

"தெரியும்" என்றார் மச்சான். கையிலிருந்த மனுவை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "எழுதுங்க. அவன் கையெழுத்து மேல கறுப்பு விழக்கூடாது. கப்பலா கவுந்துபோச்சு, படகுதானே."

பொறியாளர் எழுதினார். எலுமிச்சைக்கு எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை, அத்தோடு வேலை தப்பியது. இனிமேல் சங்கிலியை இரண்டு பேர் பார்த்து இரண்டு கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவது ஆளுக்குச் சீக்கிரம் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மூலையைத் தாண்டும்போது மச்சான் தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. செய்தி அவர்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தது. நேற்றுவரை எழுந்து நின்று வணக்கம் சொன்னவர்களில் இரண்டு பேர் வலையைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்கள். சங்கிலியை இறுக்கிய அன்று அந்த வின்சில் கைப்பிடி பிடித்தவர்கள்தான் அவர்களும். எலுமிச்சைக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார்; மச்சான் தோளில் கையைப் போட்டு, "நட" என்றார்.

அக்கா சோற்றைப் போட்டு வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, போனது போச்சு. நாளைக்குக் காலையில என்ன வேலைக்குப் போறதா உத்தேசம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"இவன்கூட" என்றார் மச்சான்.

"இவன்கூடவா? உங்களை எடுத்துக்குவாங்களா?"

"எடுத்தாச் சம்பளம். எடுக்கலைன்னாலும் போவேன். இவன் எண்ணட்டும், நான் பக்கத்துல நிக்கறேன்."

எலுமிச்சை தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மச்சான், நீங்க போயி எனக்குக் கீழ..." என்று ஆரம்பித்தார்.

"கம்முனு சாப்பிடுடா" என்றார் மச்சான்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழம்பை எடுத்து வந்து, முதலில் தம்பிக்கும் அப்புறம் புருஷனுக்கும் ஊற்றினாள்.

"அப்போ சாப்பிட்டுட்டுச் சீக்கிரம் தூங்குங்க" என்றாள் புருஷனிடம். "அவன் அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிடுவான். உங்களுக்காக நிக்க மாட்டான்."